நீர்வண்ணத்தில் திருவிழா இரவு: ககனேந்திரநாத தாகூரின் ‘பிரதிமா விசர்ஜன்’

திருவிழாவைப் பகலில் காண்பதற்கும் இரவில் காண்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பகலவன் எல்லாப் பொருள்களையும் ஒரே தன்மையாகக் காட்டிவிடுகிறான். கொடிமரமும் கூட்டமும் கடைத்தெருவும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகின்றன. இரவிலோ விளக்கு எதனைத் தொடுகிறதோ அதுவே புலனாகும். எஞ்சியவற்றைக் காண்போன் தன் மனத்தால் நிரப்பிக்கொள்கிறான். உற்சவ மூர்த்தியின் வீதியுலா இரவில் தரும் சுவையைப் பகலில் தராமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இச்சுவையை ஓவியத்தில் கொண்டுவருவது எளிய செயலன்று. எண்ணெய் வண்ணத்தில் எழுதுவோன் முதலில் இருளைப் பூசி, அதன்மேல் மஞ்சளையும் வெண்மையையும் தீற்றி ஒளியை உண்டாக்கலாம். நீர்வண்ணத்தில் எழுதுவோனுக்கு அவ்வசதி இல்லை. அவன் கையாளும் வண்ணம் கண்ணாடி போன்றது; கீழே உள்ளது மேலே தெரியும். ஆகையால் இருளின்மேல் ஒளியைப் பூச இயலாது. ஒளி வேண்டிய இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவைத்து, அதனைச் சுற்றி இருளைப் படிப்படியாகக் கட்டவேண்டும். ஒருமுறை மூடப்பட்ட வெண்மை முழுமையாகத் திரும்புவதில்லை. எனவே இரவுத் திருவிழாவை நீர்வண்ணத்தில் எழுதத் துணிபவன், விளக்கு எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்தாகவேண்டும்.

இத்துணிவோடு எழுதப்பெற்ற இந்திய ஓவியங்களுள் குறிப்பிடத்தக்கது, வங்க ஓவியர் ககனேந்திரநாத தாகூர் (1867–1938) இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் எழுதிய ‘பிரதிமா விசர்ஜன்’. துர்க்கை பூசை நிறைவுறும் நாளன்று, மண்ணாலும் வைக்கோலாலும் ஆன அம்மன் திருவுருவை ஆற்றில் கரைப்பதற்காக இரவில் எடுத்துச் செல்லும் காட்சி அது.

இவ்வோவியம் கேமரன் மலைத் தமிழர்க்கு அயலானது போலத் தோன்றலாம். ஆனால் தாப்பாவிலிருந்து ஏறிவரும் சாலையில் முதலில் எதிர்ப்படும் ரிங்லெட்டின் இரவை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்ந்துகொள்வர். மூவாயிரம் அடிக்கு மேலுள்ள அவ்வூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. 1929இல் தோற்றுவிக்கப்பெற்ற போ தோட்டமும் அவ்வட்டாரத்தது. தோட்டத்து அம்மன் கோயில் விழாவில் சாமி புறப்படும் நேரத்தில் மலைப்பனி இறங்கிவிட்டால், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம் தோன்றுகிறது. தொலைவில் வருவோர் முதலில் நிழலாகவும், அருகில் வந்தபின் மனிதராகவும் தெரிகின்றனர். கோடுகள் கரைந்து ஒளியும் நிழலும் மட்டும் எஞ்சும் இந்நிலையே ககனேந்திரர் தம் ஓவியத்தில் எடுத்துக்கொண்ட பொருள். அதை எழுதும் முறையோ, அவர் குடும்பத்துக்கு ஜப்பானியர் வழியாகக் கிடைத்தது.

தாளும் விளக்கும்

ஜப்பானிய சின்தோ ஆலயங்களில் நடைபெறும் திருவிழாவுக்கு ‘மட்சுரி’ என்பது பெயர். ‘மிகோஷி’ எனப்படும் சிறு கோயில் வடிவான பல்லக்கில் தெய்வத்தை எழுந்தருளச் செய்து, ஊரார் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் செல்வர். தமிழர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சப்பரம் சுமந்த தோள்களுக்கு அது தெரியும். விழாவின் முன்னிரவிலும் விழா இரவிலும் ஆலய வாயிலிலும் தெருக்களிலும் காகிதக் கூண்டு விளக்குகள் வரிசையாகத் தொங்கும். மலேசியாவில் தங்லோங் என்று வழங்குகிறதே, அவ்வினத்தைச் சேர்ந்தவை அவை. விளக்கு அளித்தவரின் பெயரை அதன்மேலேயே மையால் எழுதிவைப்பதும் அங்கே வழக்கம். குழல் விளக்கின் மேல் ‘உபயம்’ எழுதி, பாதி வெளிச்சத்தைப் பெயருக்கே கொடுத்துவிடும் தமிழ்நாட்டு அன்பர்கள் தனித்தவர்கள் அல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம். நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தில் கல்லிலும் வெண்கலத்திலுமாக ஏறத்தாழ 3,000 விளக்குகள் உள்ளன. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அவையனைத்தும் ஏற்றப்படும் இரவுகளைக் காண மக்கள் திரண்டு வருவர்.

இக்காகித விளக்கின் இயல்பைக் கருதினால் ஓர் உண்மை தோன்றும். தாளுக்குப் பின்னே சுடர் இருக்கிறது. தாளின் வழியாக ஒளி வெளிவருகிறது. தாளின்மேல் எழுதப்பட்ட எழுத்து கருமையாக நிற்கிறது. நீர்வண்ண ஓவியமும் இவ்வாறே அமைந்தது. வெளியிலிருந்து வரும் ஒளி மெல்லிய வண்ணத்தை ஊடுருவி, வெண்தாளில் பட்டு, மீண்டும் வண்ணத்தின் வழியாகவே கண்ணை அடைகிறது. இரண்டிலும் ஒளியைத் தருவது தாள். மையும் வண்ணமும் ஒளியைத் தடுப்பவை. கூண்டு விளக்குகள் எரியும் ஆலய விழா இரவுக்கு நீர்வண்ணம் பொருந்தி அமைவது இதனால்தான்.

விளக்கொளியைப் பொருளாகக் கொள்ளும் பழக்கம் ஜப்பானில் மர அச்சு ஓவியங்களில் முன்பே வளர்ந்திருந்தது. கோபயாஷி கியோச்சிகா (1847–1915) 1876 முதல் தோக்கியோ நகரத்து இரவுகளை ஓவியங்களாக வெளியிட்டார். காகித விளக்கும், அப்போது புதிதாக வந்த எரிவாயுத் தெருவிளக்கும், வாணவேடிக்கையும் அவற்றில் ஒளியைத் தருகின்றன. மக்களை அவர் பெரும்பாலும் முதுகுப்புறமாக, கருநிழலாகவே காட்டுகிறார். பார்ப்போரின் முகத்தை மறைத்து, அவர்கள் பார்க்கும் ஒளியை மட்டும் காட்டும் அமைப்பு அது. ‘பிரதிமா விசர்ஜன்’ ஓவியத்தை நோக்கும்போது இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

கல்கத்தாவுக்கு வந்த தூரிகை

ஜப்பானியக் கலையறிஞர் ஒககுரா ககுசோ 1902இல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாருடன் நட்புக் கொண்டார். அதன் பயனாக 1903இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் இரு இளம் ஓவியர்கள் அங்கு வந்து தங்கினர். கோட்டினால் உருவத்தை வரையறுக்கும் பழைய மரபை விட்டு, நிறத்தின் மென்மையான படிமானத்தாலேயே காற்றையும் பனியையும் காட்ட முயன்றவர்கள் அவர்கள். அவர்களுடைய நாட்டுத் திறனாய்வாளர் அம்முறையை ‘மோரோதை’, அதாவது மங்கல் பாணி, என்று எள்ளினர். எள்ளலாகப் பிறந்த அச்சொல்லே பிற்காலத்தில் கலை வரலாற்றில் பெயராக நிலைத்தது.

தைக்கான் தம் ஓவியத்தை ஈரத் தூரிகையால் மீண்டும் மீண்டும் நனைப்பதை ககனேந்திரரின் தம்பி அவனீந்திரநாதர் கூர்ந்து நோக்கினார். பின்னர் அவர் ஒரு படி மேலே சென்று, எழுதிய தாளையே நீரில் மூழ்கவிட்டார். தாளில் ஊறிய வண்ணம் தங்க, மேலே நின்றது கழுவுண்டு போயிற்று. உலர்ந்தபின் மீண்டும் எழுதுதல், மீண்டும் நனைத்தல் என்று பலமுறை செய்தபோது ஓவியம் முழுவதும் ஒரே மூச்சுக் காற்றில் மூழ்கியதுபோல் தோன்றிற்று. ‘வாஷ்’ என்று ஓவியர்கள் வழங்கும் இக்கழுவல் முறை, வங்க ஓவியர்களின் அடையாளமாயிற்று. அவனீந்திரரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக 1950களின் பிற்பகுதி வரை நீண்ட காலம் பணியாற்றியமையால், தமிழ்நாட்டு மாணவர்களும் இதன் பழக்கத்தைப் பெற்றனர்.

ககனேந்திரர் தம்பியைப் போல இம்முறைக்குக் கட்டுண்டவர் அல்லர். ஜப்பானிய மைத்தூரிகையின் விரைவை அவர் தனியே பயின்றார். ரவீந்திரநாதரின் தன்வரலாற்று நூல் 1912இல் வெளிவந்தபோது அதற்கு அவர் வரைந்த படங்களில் அத்தூரிகையின் சுருக்கத்தைக் காணலாம். பின்னர் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். 1920களின் தொடக்கத்தில், பொருள்களைத் தளங்களாகவும் கோணங்களாகவும் உடைத்துக் காட்டும் கியூபிச முறைக்குச் சென்றார். 1922 டிசம்பரில் ஜெர்மானிய பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வந்தபோது அவருடைய ஓவியங்களும் உடன் வைக்கப்பெற்றன. இத்தனை மாற்றங்களிலும் மாறாதிருந்த ஒன்று, இருளுக்குள் ஒளி புகும் விதத்தில் அவர் கொண்ட ஈடுபாடு.

ஓவியத்தின் அமைப்பு

‘பிரதிமா விசர்ஜன்’ ஓவியத்தில் முதலில் கண் செல்லும் இடம் அம்மன் உருவைச் சூழ்ந்த ஒளி. தீவட்டியின் வெளிச்சமும் புகையும் கலந்து பொன்னிறமாகப் பரவி, விளிம்பில் பழுப்பாகி, மேலே இரவில் கரைந்துபோகின்றன. ஒளிக்கு எல்லைக்கோடு கிடையாது. எங்கே ஒளி முடிகிறது, எங்கே இருள் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. நனைத்த தாளில் வண்ணம் தானே பரவி நிற்கும் இயல்பை ஓவியர் புகைக்குப் பயன்படுத்திக்கொண்ட திறம் இது.

அடுத்துக் கண்ணைக் கவர்வது கூட்டம். தனித்தனி மனிதரை அவர் எழுதவில்லை. நெருங்கிய தலைகளும் உயர்ந்த கைகளும் ஒரே கருமையாகத் திரண்டு, ஓர் ஆறுபோல நகர்கின்றன. அவ்வாற்றின்மேல் அம்மன் உருவம் மிதந்து செல்வதுபோல் தோன்றுகிறது. சற்று நேரத்தில் உண்மையான ஆற்றில் கரையப்போகும் உருவம், அதற்கு முன்பே மக்கள் வெள்ளத்தில் கரையத் தொடங்கிவிட்டது. களிமண் உருவம் நீரில் கரைவதைக் குறிக்கும் ஓவியத்தை, வண்ணம் நீரில் கரையும் முறையிலேயே எழுதியிருக்கிறார். பொருளும் முறையும் இவ்வளவு ஒன்றுபடுதல் அரிது. ஓவியத்தின் உயர்வு இவ்வொற்றுமையிலேயே இருக்கிறது.

இதன் தன்மையை மற்றொரு நீர்வண்ண ஓவியத்தோடு ஒப்பிட்டு அறியலாம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, கையில் விளக்கேந்திய பெண்ணின் ஓவியம் தமிழர் வீடுகளில் நாட்காட்டி வழியாகப் பழக்கமானது. இரவிவர்மா எழுதியதென்று பலர் கருதுகின்றனர். அதனை 1945–46இல் எழுதியவர் எஸ். எல். ஹல்தங்கர் (1882–1968), அதற்கு முன்னின்றவர் அவருடைய மகள். அங்கே சுடரை ஒரு கை மறைக்கிறது. விரல்களின் இடையே செந்நிறம் ஊறுகிறது. அந்த ஒளி மேலே சென்று ஒரு முகத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹல்தங்கரின் விளக்கு ஒருவரை அறிமுகப்படுத்துவதற்காக எரிகிறது. ககனேந்திரரின் தீவட்டியோ எவரையும் அறிமுகப்படுத்துவதில்லை. அதன்முன் எல்லாரும் பெயரிழந்து ஒன்றாகின்றனர். முன்னது வீட்டு விளக்கின் அமைதி. பின்னது வீதி விளக்கின் வேகம்.

கடன் வாங்கிய முறையா?

இம்முறை அயல்நாட்டது, இதனால் எழுதப்பட்ட ஓவியம் நம் நாட்டுக் கலை ஆகுமா என்னும் கேள்வி பலகாலம் எழுப்பப்பட்டது. மலேசியத் தமிழர்க்கு இக்கேள்வி வெறும் கலைக் கேள்வி அன்று. ஜப்பான் என்ற சொல் இங்குள்ள முதியோர் பலர் வீட்டில் காகித விளக்கை நினைவூட்டியதில்லை. 1942–43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காட்டிலே மடிந்த பல்லாயிரம் தமிழரையே நினைவூட்டியது. கல்கத்தாவில் நண்பராகத் தங்கிய அதே தைக்கான், 1940இல் கடலும் மலையுமாகத் தாம் எழுதிய ஓவியங்களை விற்று, அத்தொகையைத் தம் நாட்டுப் படைகளுக்கு விமானம் வாங்கக் கொடுத்தார். இதனை மறைத்துவிட்டு மங்கல் பாணியின் மென்மையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

எனினும், முறை வேறு. அதனை ஆண்டவனின் அரசியல் வேறு. நனைந்த தாளில் வண்ணம் பரவும் இயல்பை எந்தப் பேரரசும் உடைமையாக்கிக்கொள்ள முடியாது. மேலும் ககனேந்திரர் அம்முறையைக் கொண்டு ஜப்பானிய ஆலயத்தையோ ஃபூஜி மலையையோ எழுதவில்லை. தம் நகரத்துத் தெருவையும், தம் நகரத்து மக்கள் ஆண்டுதோறும் செய்துவந்த சடங்கையும் எழுதினார். அமைதியான மூடுபனிக்கென வளர்க்கப்பட்ட முறையை அவர் ஆரவாரமும் புகையும் நிறைந்த வீதிக்கு மாற்றினார். கொண்டதை அப்படியே திருப்பிக் காட்டுவது போலி. கொண்டதைத் தன் ஊரின் வேலைக்கு அமர்த்துவது கலை. இந்த அளவுகோலால் பார்க்கும்போது ‘பிரதிமா விசர்ஜன்’ கடன்பட்ட ஓவியமாகத் தோன்றவில்லை.

வாஷ் முறை எல்லார் கையிலும் இவ்வாறு சிறந்ததென்று கூறவியலாது. பின்வந்தோர் பலர் கைகளில் அது வெறும் பழக்கமாகியது. காரணமின்றி எங்கும் பனி படர்ந்தது. எல்லா முகங்களும் ஒரே துயரத்தில் ஆழ்ந்தன. 1930களில் அமிர்தா ஷெர்கில் வங்கப் பாணியைக் கண்டித்ததற்கு இத்தளர்ச்சியே காரணம். ககனேந்திரரின் ஓவியத்தில் மங்கலுக்குக் காரணம் உண்டு: அங்கே தீவட்டி எரிகிறது, புகை எழுகிறது, இரவு சூழ்ந்திருக்கிறது.

மலைத் தோட்டத்துக்கு ஒரு பாடம்

மீண்டும் ரிங்லெட்டுக்கு வருவோர்க்கு இவ்வோவியம் தரும் பாடம் இருவகைப்படும்.

முதலாவது, பனியை இடையூறாகக் கருதாது துணையாகக் கொள்ளும் பாடம். மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பா, அவனீந்திரரிடம் பயின்றவர். உதகமண்டலத்தையும் கோடைக்கானலையும் நீர்வண்ணத்தில் எழுதி மலைப்பனியின் பல நிலைகளைக் காட்டினார். மலேசியாவிலும் யோங் முன் சென் (1896–1962) போன்றோர் நீர்வண்ணத்தில் வலுவான மரபொன்றை நிறுவியுள்ளனர். கேமரன் மலையின் தோட்டத் திருவிழா இரவு இவ்விரு மரபுகளும் சந்திக்கக்கூடிய பொருள். அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தரும் ஆசிரியர், முதற்பாடமாக ஒரு விளக்கையும் அதைச் சுற்றிய பனி வட்டத்தையும் எழுதச் செய்யலாம். தாளை எங்கே விட்டுவைப்பது என்பதைக் கற்றுக்கொண்ட மாணவன், நீர்வண்ணத்தின் பாதியைக் கற்றவன் ஆவான்.

இரண்டாவது பாடம் எச்சரிக்கையாக வருவது. கூட்டத்தை முகமற்ற ஒரே கருமையாக எழுதியது கல்கத்தா வீதிக்குப் பொருந்தியது. பெருநகரில் அவரவர்க்கு வேறு பெயரும் வேறு தொழிலும் இருந்தன. விழா இரவு ஒன்றில் அவற்றை மறந்து ஒன்றாவது அவர்களுக்கு விடுதலையாக இருந்தது. தோட்டத் தமிழரின் நிலை அதற்கு நேர்மாறானது. கப்பலேறிய நாள்தொட்டு அவர்கள் தலைக்கணக்கிலேயே அடங்கியவர்கள். பேர்ப்பதிவில் ஓர் எண், கொழுந்து நிறுக்கும் தராசில் ஓர் எடை என்று வாழ்ந்தவர்கள். தேயிலைப் பெட்டிகளின் மேலும் சுற்றுலா அட்டைகளிலும் அவர்கள் பச்சை மலைச்சரிவில் தெரியும் சிறு புள்ளிகளாகவே இடம்பெற்றனர். ஆண்டு முழுவதும் கூட்டமாகவே எண்ணப்பட்ட அம்மக்களுக்குத் திருவிழா இரவு ஒன்றே தனித்தனிப் பெயர் பெறும் நேரம்: கரகம் எடுப்பவர் இன்னார், காவடி சுமப்பவர் இன்னார், உடுக்கை அடிப்பவர் இன்னார் என்று ஊரே பெயர் சொல்லி அழைக்கும் நேரம்.

அவ்விரவையும் அழகிய மங்கலில் கரைத்து, முகங்களை நிழலாக்கிவிட்டால், ஓவியம் சிறந்திருக்கலாம். ஆனால் பேர்ப்பதிவு செய்த வேலையையே அதுவும் செய்ததாக முடியும். ஆகவே மலைத் தோட்டத்து இரவை எழுத முன்வரும் ஓவியன் ககனேந்திரரிடம் ஒளியைக் கற்க வேண்டும்; ஹல்தங்கரிடம் முகத்தைக் கற்க வேண்டும். பனியும் புகையும் கூட்டமும் கரைந்து நிற்க, அம்மனுக்கு முன்னே விளக்குப் பிடித்துச் செல்லும் ஒருவரின் முகமேனும் அவ்வெளிச்சத்தில் இன்னார் என்று அடையாளம் தெரியவேண்டும். அம்முகத்துக்குரிய வெண்தாளை அவன் தொடக்கத்திலேயே விட்டுவைத்தாக வேண்டும். இருள் முழுவதையும் கட்டி முடித்தபின் தேடினால் அது கிடைக்காது.

இப்பணிக்கு இன்று ஓர் அவசரமும் உண்டு. தீவட்டியும் கேஸ் விளக்கும் இருந்த இடத்தில் வண்ண மின்விளக்குத் தோரணங்கள் வந்துவிட்டன. கைப்பேசியின் புகைப்படக் கருவி இரவையும் பகலைப்போல வெளுத்துக் காட்டுகிறது. எல்லாம் தெரியும் அப்படங்களில் விழா நடந்த செய்தி இருக்கிறது. விழா இரவு இருப்பதில்லை. பனிக்குள் ஒரு விளக்கு அசைந்து வருவதையும், அது அருகில் வந்தபின் அதைப் பிடித்திருப்பவர் யார் என்று தெரிவதையும் கண்ணால் கண்டவர்கள் ரிங்லெட் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய நினைவு துணைநிற்கும் காலத்திலேயே அக்காட்சி தாளில் ஏறவேண்டும்.